நடு அறை வாடை

எங்கள் வீட்டு வாடையை முகர்ந்து பார்க்க வேண்டுமென்றால் நான் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். உள்ளேயே இருந்தால் மூக்கு பழகிப்போய் ஒன்றுமே தெரிவதில்லை. அதனால் சட்டையை மாட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து, லாரிப் புகையையும் டீக்கடையில் பால் காயும் வாசனையையும் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு திரும்பி வருவேன். வாசற்படியில் கால் வைத்ததும் நின்று முகர்வேன். முதல் மூச்சில் அது பளிச்சென்று பிடிபடும். இரண்டு மூச்சில் பாதி காணாமல் போகும். மறுபடியும் பஸ் நிறுத்தம். இப்படி நான் போவதும் வருவதுமாக இருந்ததை டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னா சார், வூட்டாண்ட எதுனா சண்டையா?" என்று கேட்டார்கள். வாடை பார்க்கிறேன் என்று சொல்ல முடியுமா? சாவி தொலைந்துவிட்டது என்றேன். நல்ல மனிதர்கள். குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்து என்னோடு தெரு முழுக்கச் சாவி தேடினார்கள். சட்டைப் பையிலேயே சாவி கிலுங்க, நானும் குனிந்து குனிந்து தேடினேன்.

வாடை என்றால் சாக்கடை வாடை இல்லை, செத்த எலியின் வாடையும் இல்லை. நனைந்த கோணிப்பையைக் காயவைக்காமல் சுருட்டி மூலையில் போட்டு, மறந்துபோய், பிறகு ஒரு நாள் பிரித்தால் ஒன்று கிளம்புமே, அதுதான். கோலார் தங்கவயலில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதிப் புரியவைப்பது கஷ்டம். நம் சுரங்கத்து லைன் வீடுகளில் எந்தப் பொருளும் மக்குவதில்லை. காய்ந்து, வெடித்து, உதிர்ந்துதான் போகும். ஆடிக் காற்றில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பும் வெள்ளைத் தூசி சோற்றுப் பானைக்குள்ளும் பைபிள் பக்கங்களுக்குள்ளும் போய் உட்காரும், அவ்வளவுதான். இங்கே உப்பு ஜாடியில் உப்பு தானாகக் கரைகிறது. தீப்பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் குச்சி பற்றுகிறது. பொரித்த அப்பளத்தைத் தட்டில் போட்டுவிட்டுச் சாம்பார் கரண்டியை எடுப்பதற்குள் நமுத்துவிடுகிறது. ஒரு நாள் என் தோல் பெல்ட்டில் பச்சையாக மீசை முளைத்திருந்தது. எனக்கு அருவருப்பை விட ஆச்சரியம்தான் அதிகம். துடைக்காமல் இரண்டு நாள் அப்படியே வைத்து, எவ்வளவு வளர்கிறது என்று பார்த்தேன். ஸ்டெல்லா திட்டிவிட்டுத் துடைத்தாள்.

ஸ்டெல்லா என் மனைவி. நிம்மி எங்கள் மகள், இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. நாங்கள் ஏன் தங்கவயலை விட்டு வந்தோம் என்று அங்கே பலரும் பலவிதமாகப் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். சுரங்கத்தில் ஆளெடுப்பு நின்றதும், இருப்பவர்களையே போகச் சொல்லப்போவதாகப் பேச்சு அடிபட்டதும் உண்மைதான். சுரங்கத்துக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரஸர்களைப் பழுது பார்த்தவனுக்கு நெடுஞ்சாலையோரத்து ரப்பர் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் உண்மைதான். ஆனால் மூட்டை கட்ட வைத்தது நிம்மியின் மூச்சு. தூசிக் காற்று வீசும் மாதங்களில் அவளுக்கு இழுப்பு வரும். பாறைத் தூசி அடைத்த நெஞ்சோடு என் அப்பா இருமியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சத்தம் என் மகளிடமிருந்து வந்தபோது பயந்துபோனேன். தூசி இல்லாத ஊர் எதுவானாலும் சரி என்று கிளம்பிவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்றதும் இந்த வருஷம் எல்லாருக்கும் ஒரே விஷயம்தான், மே மாதத்துக் குண்டுவெடிப்புதான், ஞாபகம் வருகிறது. அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. ஆனால் அதற்கடுத்த மாதம் இந்தப் பக்கம் வீடு தேடி அலைந்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வெளியூர் ஆள் என்றால் கதவு பாதிதான் திறந்தது. முழுக்கத் திறந்தவர் காமாட்சி அம்மா. நிலத்தில் பாதியைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு, இருந்த வீட்டை நடுவில் சுவர் வைத்துத் தடுத்து, பின்பாதியில் தான் இருந்துகொண்டு முன்பாதியை வாடகைக்கு விடுகிறவர். என் பேச்சைக் கேட்டதுமே அவருக்குக் குழப்பம். "நம்ம பாசைதான் பேசுற. ஊரு மட்டும் கர்நாடகான்ற. அது எப்பிடி தம்பி?" என்றார். நம் தாத்தாக்கள் இந்த ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து தங்கம் தோண்டப் போன கதையைச் சொன்னேன். "அப்ப நீ சொந்த ஊருக்குத் திரும்பி வந்துகிற, அப்பிடிச் சொல்லு" என்றார். "இல்லம்மா, சொந்த ஊரை விட்டுட்டு வந்துகிறேன்" என்றேன். இந்த வழக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் தீரவில்லை.

ஸ்டெல்லாவுக்கு இங்கே வர மனசே இல்லை. லாரியில் சாமான் ஏற்றும்போதுகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் மாறியது வீட்டுப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அடிபம்பைப் பார்த்தபோது. குடத்தை வைத்து அடித்தாள். நிறைந்தது. பக்கெட்டை வைத்தாள், அதுவும் நிறைந்தது. பிறகு வைக்க ஒன்றுமில்லாமல் சும்மாவே அடித்துக்கொண்டிருந்தாள். "நிக்கவே இல்ல பாருங்க, வந்துகினே கீது" என்றாள். நம் லைன் பொதுக்குழாயில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தே வளர்ந்தவள் அவள். அரிசி கழுவிய நீரில் பாத்திரம், பாத்திரம் கழுவிய நீரில் வாசல் என்று ஒரே தண்ணீரை மூன்று வேலைக்கு அனுப்பத் தெரிந்தவள். அன்றைக்கு அவள் நிம்மியைப் பம்படியில் உட்காரவைத்து, குழந்தை போதும் போதும் என்று கத்துகிற வரை குளிப்பாட்டினாள். கல்யாணத்தன்றுகூட ஸ்டெல்லா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

ஆனி, ஆடி, ஆவணி நன்றாகப் போயின. நிம்மிக்கு இழுப்பு வரவில்லை. இந்த ஊர் ஒத்துக்கொண்டது என்று நான் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் வாடை தலைகாட்டியது. அதன் பின்னாலேயே இழுப்பும் வந்தது. விடியற்காலையில் நிம்மி எழுந்து உட்கார்ந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சு வாங்குவாள். காஞ்சிபுரத்து டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, "ஈரம் ஆகாது, வீட்டை உலர்வா வெச்சிக்குங்க" என்றார். ஏரிக்குக் கீழே இருக்கும் ஊரில், அடைமழையில், எப்படி என்று அவர் சொல்லவில்லை. ஸ்டெல்லா என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கறேன். நிக்கலைன்னா புள்ளையக் கூட்டிகினு அம்மாவூட்டுக்குப் போயிடுவேன். நீங்க இங்க இருந்து சம்பாரிங்க." சொல்லிவிட்டு, "இந்தத் தண்ணிய வுட்டுட்டுப் போவத்தான் மனசு வரல" என்றாள். ஆக, கிறிஸ்மஸுக்குள் வாடை போக வேண்டும், இல்லாவிட்டால் என் குடும்பம் போய்விடும்.

தேடினேன். பெட்டி படுக்கைகளைப் புரட்டினேன், பரணில் ஏறினேன், சுவர் அலமாரிக்குள் தலையை விட்டேன். ஒரு சுவர் விடாமல் மூக்கை வைத்து முகர்ந்ததில், ஒன்று மட்டும் தெரிந்தது: வாடையின் வீடு நடு அறை. நாங்கள் பாய் விரித்துப் படுப்பது அங்கேதான். காமாட்சி அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று, "வீட்டுக்குள்ள ஒரு வாடை வருதும்மா" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "வாடையா? சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு பின்பாதியிலிருந்து எந்தச் சமையல் வாசனையும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது: அவர் வைக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றித்தான் நான் ஜாடையாகப் புகார் சொல்கிறேன் என்று நினைத்து, பாவம், கருவாடு வாங்குவதையே நிறுத்தியிருக்கிறார். நான் அந்தக் குழம்பு வாசனையில்தான் ஷிப்ட் முடிந்து பசியோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன். ஸ்டெல்லா போய் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கி வந்து சமாதானம் செய்தாள்.

வாடையை விரட்ட ஸ்டெல்லா சாயங்காலங்களில் சாம்பிராணி போட்டாள். அது வாடையை விரட்டவில்லை. வாடைக்கு மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் காமாட்சி அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "வேதக்காரங்கன்னு சொன்னாங்க. ஆனா வெளக்கு வெக்கிற நேரத்துக்கு எப்பிடிப் பொகை போடுது பாரு" என்று தெருவெல்லாம் சொல்லி வந்தார். நான் என் வழியில் போனேன். காற்று ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியேற வேண்டும், அப்போதுதான் சுரங்கத்தில் மனிதன் பிழைப்பான். நான் கற்ற தொழில் இதுதான். எதிரும் புதிருமாக ஜன்னலையும் கதவையும் இரவும் பகலும் திறந்து போட்டேன். தங்கவயலில் இதைச் செய்தால் ஈரச் சாக்குகூட அரை நாளில் முறுகிவிடும். இங்கே ஏரியைத் தாண்டி வரும் காற்றே நனைந்து வருகிறது. உள்ளே வந்து, குளிர்ந்த தரையில் படிந்து, சுவரெல்லாம் வியர்த்தது. நிம்மிக்கு இழுப்பு அதிகமானது. ஸ்டெல்லா போய் ஜன்னலைச் சாத்தினாள்.

இதற்கு நடுவில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு வாரம் முதல் ஷிப்ட் வந்தால் அடுத்த வாரம் இரண்டாவது. நான் விடிவதற்குள் கிளம்பிப் போகும் முதல் ஷிப்ட் வாரத்தில் வாடை நன்றாக ஏறியது. காலையெல்லாம் வீட்டில் படுத்துக் கிடக்கும் இரண்டாவது ஷிப்ட் வாரத்தில் மெல்ல இறங்கியது. மழை பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி, இதில் மாற்றம் இல்லை. நான் வீட்டில் இருந்தால் வாடை அடங்குகிறது! என்னோடு வேலை செய்பவரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நீ ஓவர்டைம் பாக்காத, வூட்லயே இரு" என்று சிரித்தார். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. வாடைக்கு ஷிப்ட் எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பதிலைக் கொண்டுவந்தவர் காமாட்சி அம்மா. ஆனால் அவர் வந்தது வேறு ஒரு விஷயமாக. நான் ஷிப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கும் இடத்திலேயே எனக்காகக் காத்திருந்தார். ஸ்டெல்லாவின் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

"தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சிக்க மாட்டியே."

"சொல்லுங்கம்மா."

"நீ வேலைக்கிப் படி எறங்கன ஒடனே அந்தப் பொண்ணு வூட்ட கழுவி வுடுது. பக்கெட்டு பக்கெட்டா. தெனத்துக்கும். தெருவுல பொம்பளைங்க பாத்துட்டு எங்கிட்ட வந்து கேக்கறாங்க. ஒரு ஆளு வெளிய போன கையோட எப்ப வூட்ட கழுவி வுடுவாங்க, உனக்குத் தெரியாதா?"

நான் உண்மையிலேயே தெரியாமல் விழித்தேன். வெள்ளிக்கிழமையா என்று கேட்டேன்.

"பொணம் எடுத்தாத்தான் தம்பி" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், எனக்கு அதுவரை மனதில் பதிந்ததில்லை. நம் லைனில் சாவு விழுந்தாலும் வீடு முழுக்கக் கழுவித் தள்ளத் தண்ணீர் ஏது? அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு சொம்பு வாங்கி வாசலில் தெளிப்பதோடு சரி. நம் பெண்களுக்குப் பயமெல்லாம் சுரங்கத்துச் சங்கு நேரம் தவறி ஊதினால்தான். வாளித் தண்ணீரைப் பார்த்து யார் பயந்தார்கள்? ஸ்டெல்லா பாட்டுக்கு, நான் போனதும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து ஆசைப்பட்ட ஒரு காரியத்தைத் தினம் தினம் செய்து வந்திருக்கிறாள். மத்தியானம் நான் திரும்பும்போது தரை மேலே காய்ந்திருக்கும். துடைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நான் காலையில் வீட்டில் தூங்கும் வாரங்களில் கழுவ முடியாது, மத்தியானத்துக்கு மேல் கழுவினால் படுப்பதற்குள் காயாது என்று துணியால் துடைத்ததோடு விட்டிருக்கிறாள். காமாட்சி அம்மா சகுனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். என் காதில் விழுந்தது 'பக்கெட்டு பக்கெட்டா' என்பது மட்டும்தான். அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?

நடு அறையின் மூலையில், தரையோடு தரையாக, தண்ணீர் போவதற்கு ஒரு ஓட்டை உண்டு. அதில் தள்ளினால் தெருச் சாக்கடைக்குப் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படிப் போகிறதா என்று ஸ்டெல்லாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால், அவளை இந்த ஊரில் பிடித்து வைத்திருக்கும் ஒரே சந்தோஷத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். சில நாள் அப்படியே விட்டேன். அந்தச் சில நாளும் விடியற்காலையில் நிம்மியின் முதுகைத் தடவிக்கொண்டே என் மேல் எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைவலி என்று பொய் சொல்லி அவர்கள் இருவரையும் கோயிலுக்கு அனுப்பினேன். என் வெள்ளைச் சட்டைக்குப் போடும் நீலப் பாட்டிலை எடுத்து ஒரு பக்கெட் தண்ணீரில் முழுக்கக் கவிழ்த்து, மூலை ஓட்டையில் ஊற்றிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். சாக்கடை ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சோற்றுக் கஞ்சி வந்தது, சோப்பு நுரை வந்தது, நீலம் வரவில்லை.

"மறுபடி இன்னா தம்பி தொலைச்ச?" என்று காமாட்சி அம்மா வந்து நின்றார். அந்த ஓட்டையைப் பற்றிக் கேட்டேன். "அது எங்கயும் போவாதுப்பா" என்று சாதாரணமாகச் சொன்னார். அந்த நடு அறை முன்பு வானம் பார்த்த முற்றமாம். மழைத் தண்ணீர் ஓடு பதித்த கால்வாய் வழியாக அவர் இப்போது இருக்கும் பின்பாதிக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்குப் போகுமாம். வாடகைக்கு விடுவதற்காக முற்றத்தை ஏரி மண் போட்டு நிரப்பி, மேலே ஷீட் போட்டு, தரை பூசி அறையாக்கியிருக்கிறார்கள். நடுச்சுவர் வைத்தபோது கால்வாயை அடைத்துவிட்டார்கள். "குடித்தனம் வர்றவங்க வூட்டுத் தண்ணி நம்ம அடுப்பாண்ட பூந்து போவணுமான்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியம் என்னைக் கொஞ்சம் சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே அடைத்ததுதான், எங்களை நினைத்து அடைத்தது இல்லை என்று சொல்லிக்கொண்டேன். அவரும் என் முகத்தைப் பார்க்காமல், "தொடச்சிக்குவாங்கன்னு நெனச்சோம். யாரு தெனமும் கழுவறாங்க?" என்றார்.

வீட்டுக்குள் வந்து சுத்தியலை எடுத்துத் தரையைத் தட்டிக்கொண்டே போனேன். சுரங்கத்தில் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்களே, அதே மாதிரி. கணீரென்றால் கெட்டி; தொப்பென்றால் உள்ளே ஏதோ விலகியிருக்கிறது. சுவரோரம் கணீரென்றது. நாங்கள் படுக்கும் இடத்துக்கு நேர் கீழே தொப்பென்றது. உளியை வைத்து உடைத்தேன். ஒரு கை அகலத்துக்குப் பூச்சு உடைந்ததுமே அந்த வாடை முகத்தில் அடித்தது, இந்தத் தடவை வெளியே போய் வராமலே. என் திட்டம் இதுதான்: ஈர மண்ணை அள்ளிவிட்டு, மணலைப் போட்டு மூடி, அந்த ஓட்டையையும் சிமெண்டால் அடைத்துவிடுவது, பழைய ஏரி மண்தான் காரணம் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடுவது. கறுப்புச் சேற்றைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே பூசை முடிந்து அவர்கள் வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் குழியில் தண்ணீர் ஊறி மேலே வந்தது. நல்ல நீலமாக.

ஸ்டெல்லா முதலில் குழியைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள், காலிப் பாட்டிலைப் பார்த்தாள், மூலையில் கவிழ்ந்திருந்த பக்கெட்டைப் பார்த்தாள். "என் தண்ணியா?" என்றாள். தலையை ஆட்டினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். நிம்மி குழிக்குள் விரலை விட்டு, நீல விரலைக் காட்டிச் சிரித்தாள். ஸ்டெல்லா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இந்த ஊர்ல எனக்குப் புடிச்சது அது ஒண்ணுதாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சேற்றை அள்ளிக் கொட்டி, காய்ந்த மணலைப் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசினேன். அடுத்தடுத்த வாரங்களில் வாடை நன்றாகவே குறைந்தது. நிம்மி விடியற்காலையில் எழுந்து உட்காருவதும் குறைந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஸ்டெல்லா ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து, நம் லைனில் செய்கிற மாதிரி, ஒரு சொம்புத் தண்ணீரில் மூன்று அறையையும் துடைத்து முடித்தாள். பேச்சில் அம்மா வீடு அடிக்கடி வர ஆரம்பித்தது. குழந்தைக்குத்தான் சரியாகிவிட்டதே என்றால், "அதுக்கு இல்ல, சும்மாத்தான்" என்றாள். எந்த வாடை போனால் அவள் இருப்பாள் என்று நினைத்தேனோ, அது போனதும் அவளும் கிளம்பிவிடுவாள் போலிருந்தது.

இந்தத் தடவையும் காமாட்சி அம்மாதான் வந்தார். வேன் இறங்கும் இடத்துக்கு இல்லை, நேராக வீட்டு வாசலுக்கே. கூட ஒரு கொத்தனார். "அந்தப் பொண்ணு பம்பாண்ட வந்து ஒரே ஒரு கொடத்த ரொப்பிகினு, அப்பறம் சும்மா நிக்கிது தம்பி. பாக்க நல்லா இல்ல" என்றார். நடுச்சுவரின் அடியில் அடைத்திருந்த இடத்தைக் கொத்தனாருக்குக் காட்டினார். கால்வாய்க்குப் புதுக் குழாய் போட்டு, தன் பின்பாதி வழியாக, தன் அடுப்பங்கரை ஓரமாகவே, தோட்டத்து வாழைக்கு விட்டார். முன்பு ஏன் அடைத்தார் என்பதை அவரும் முடித்துச் சொல்லவில்லை, இப்போது ஏன் திறக்கிறார் என்று நானும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "நல்லா கழுவு. யாரு வேணான்னது? ஆனா ஆம்பள வூட்டுக்குள்ள இருக்கும்போது கழுவு. அவன் படி தாண்டனப்பறம் ஒரு சொட்டு ஊத்தக்கூடாது, ஆமா" என்றார். ஸ்டெல்லாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் சரி என்றாள்.

ஆகவே இப்போது எங்கள் வீட்டில் இரண்டாவது ஷிப்ட் வாரங்களில்தான் தரை கழுவப்படுகிறது. காலையில் கழுவி, நாள் முழுக்கக் காயவிடுகிறோம். இழுப்பு ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடைமழை நாட்களில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் நேற்று ஸ்டெல்லா, கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை உள்ளே கட்டலாமா, தெருப்பக்கம் தெரிகிற மாதிரிக் கட்டலாமா என்று கேட்டாள். தெருப்பக்கமே கட்டு என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

இன்று காலையும் கழுவினாள். கழுவும்போது நான் வாசலுக்குப் போகக்கூடாது, அது காமாட்சி அம்மாவின் கண்டிப்பு. தரையில் கால் வைக்கக்கூடாது, அது ஸ்டெல்லாவின் கண்டிப்பு. மிச்சம் இருப்பது டிரங்குப் பெட்டி ஒன்றுதான். நிம்மியும் நானும் அதன் மேல் ஏறி, காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பெட்டியின் மூலைகளில் சயனைடு மேட்டுத் தூசி இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு துடைத்தும் போகவில்லை. கீழே ஸ்டெல்லா சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு பக்கெட் பக்கெட்டாகக் கொட்டுகிறாள். தண்ணீர் பெட்டிக்கு அடியில் புகுந்து மூலையைப் பார்த்து ஓடுகிறது. சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "வந்துட்ச்சி, வந்துட்ச்சி" என்று காமாட்சி அம்மாவின் குரல் கேட்கிறது.

"எறங்கலாமாப்பா?" என்கிறாள் நிம்மி.

"இரு, இன்னும் காயல" என்கிறேன்.